கடல் கடந்த மன்னர்

தமிழ் வழங்கும் நிலத்தின் நடுவே, ஆங்கிலேயர் நேராக ஆளாத சிறு நாடு ஒன்று 1948ஆம் ஆண்டு வரை இருந்துவந்தது. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்கள் அதனைச் சூழ்ந்திருந்தன. அதன் பரப்பு சுமார் 1,178 சதுர மைல். ஆண்டு முழுவதும் நீர் ஓடும் ஆறு அங்கு இல்லை. வானம் பொழியும் மழையைக் கண்மாய்களில் தேக்கி, அந்நீரைக் கொண்டே உழவர் பயிர் செய்தனர். அதுவே புதுக்கோட்டைச் சமஸ்தானம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் தொண்டைமான் மரபினர் அதனை ஆண்டுவந்தனர். திருக்கோகர்ணத்தில் எழுந்தருளியுள்ள பிரகதாம்பாள் அம்மரபினரின் குலதெய்வம். அம்மன் உருவம் பொறித்த சிறு செப்புக் காசுகளை நவராத்திரி நாள்களில் அரிசியோடு சேர்த்து ஏழைகளுக்கு வழங்குவது அந்நாட்டு வழக்கம். அம்மன் காசு என்று பெயர் பெற்ற அந்தக் காசு, புதுக்கோட்டைக்கு வெளியே செல்லாது. அந்நாட்டின் மன்னர் ஒருவரோ, தம் வாழ்நாளின் பிற்பகுதியைப் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் கழித்து, அயல்நாட்டிலேயே உயிர் நீத்தார். அவரே மார்த்தாண்ட பைரவ தொண்டைமான்.

மார்த்தாண்ட பைரவர் 1875ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் பிறந்தார். அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் இராமச்சந்திர தொண்டைமான். அவருடைய மூத்த மகளின் மைந்தரே மார்த்தாண்ட பைரவர். அரசருக்கு வழித்தோன்றலாக ஆண்மகவு இல்லாமையால், பேரனையே அவர் மகனாக ஏற்றுக்கொண்டார். 1886ஆம் ஆண்டில் பாட்டனார் மறைந்தபோது பேரனுக்கு வயது பத்து. சிறுவர் பட்டத்திற்கு உரியவரானார்; ஆனால் ஆட்சிச் சுமை திவான் சேஷையா சாஸ்திரியாரின் தோளில் இருந்தது. திருவிதாங்கூரில் திவானாக இருந்து பெரும்பெயர் பெற்றவர் சாஸ்திரியார். நிலவரி முறையைத் திருத்தியும், குளங்களைத் தூர் எடுத்தும், நகருக்குக் குடிநீர் வசதி செய்தும், அலுவலகங்களுக்கு உரிய பெருங்கட்டடங்களை எழுப்பியும் அவர் அந்நாட்டை நிலைபெறச் செய்தார். சிறுவர் மன்னருக்குக் கல்வி புகட்ட, கேம்பிரிட்ஜில் பயின்ற கிராஸ்லி என்னும் ஆங்கிலேயர் அமர்த்தப் பெற்றார். அவரிடம் மன்னர் கற்றது ஆங்கில மொழி மட்டும் அன்று. உடை, உணவு, விளையாட்டு, உரையாடும் முறை ஆகிய யாவும் ஆங்கிலச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு உரியனவாகவே அமைந்தன. இந்திய மன்னர்களின் பிள்ளைகளை இவ்வாறு வளர்ப்பதே அக்கால ஆங்கில அரசின் கொள்கையாகவும் இருந்தது. ஐரோப்பியரைப் போல வாழக் கற்றுக்கொடுத்தவர்கள், அவர் ஐரோப்பியரைப் போலவே தம் மனைவியையும் தாமே தேர்ந்துகொள்ளக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்திலர்.

1894ஆம் ஆண்டு நவம்பரில், பத்தொன்பது வயது நிறைந்தவுடன், மார்த்தாண்ட பைரவர் ஆட்சியைத் தம் கையில் ஏற்றார். அவருடைய ஆட்சிக் காலத்தில் அந்நாட்டில் புதுமைகள் பல புகுந்தன. 1902ஆம் ஆண்டில் குடிமக்களின் கருத்தை அறியப் பிரதிநிதி சபை ஒன்று கூட்டப்பெற்றது. 1910ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றது. திருக்கோகர்ணத்தில் உள்ள அந்நிலையத்தை இன்றும் காணலாம். பின்னாளில் சட்டமன்றங்களில் முழங்கிய சத்தியமூர்த்தி, புதுக்கோட்டை மகாராசா கல்லூரியில் பயின்றவரே.

அக்கல்லூரியைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று இம்மன்னரின் உள்ளப் பாங்கைக் காட்டும். அதுவரை ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் இடம் வேண்டி ஒரு பெண் விண்ணப்பித்தார். பெற்றோர் சிலர் எதிர்த்தனர். பெண் வந்தால் ஆண் மாணாக்கரின் ஒழுக்கம் கெடும் என அஞ்சினர். மன்னர் அந்த அச்சத்தைப் பொருட்படுத்தாமல் அப்பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுமாறு பணித்தார். அவர் மருத்துவக் கல்வி பயிலவும் பொருளுதவி செய்தார். அப்பெண்மணியே, மருத்துவராகவும் சட்டமன்றத் துணைத் தலைவராகவும் விளங்கி, அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பழைய வழக்கம் என்னும் ஒரே காரணத்தால் ஒன்றைத் தடுப்பதை மார்த்தாண்ட பைரவர் விரும்பவில்லை. அந்த இயல்பே பின்னர் அவருடைய வாழ்வையும் திசை திருப்பியது.

ஆட்சி ஏற்ற சில ஆண்டுகளிலேயே மன்னர் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். அதன்பின் பலமுறை சென்று திரும்பினார். அக்காலத்தில் கடல் கடத்தல் எளிய செயலன்று. புதுக்கோட்டை நகருக்கு அந்நாளில் புகைவண்டியே இல்லை. 1929ஆம் ஆண்டில்தான் திருச்சிராப்பள்ளியிலிருந்து அங்கு இருப்புப்பாதை வந்தது. ஆகவே வண்டியில் முப்பது மைலுக்கு மேல் சென்று, திருச்சிராப்பள்ளியில் புகைவண்டி ஏறி, துறைமுகம் அடைந்து, பின்னர் வாரக்கணக்கில் கடலில் மிதந்து, சூயசுக் கால்வாய் வழியாக ஐரோப்பிய மண்ணை மிதிக்க வேண்டும். உடல் வருத்தத்தினும் பெரியது ஊரார் ஏச்சு. கடல் கடந்தோரைச் சாதியிலிருந்து விலக்கி, கழுவாய் செய்த பின்னரே சேர்த்துக்கொள்ளும் வழக்கம் உயர்குடிகள் பலவற்றில் இருந்தது. மன்னரைத் தடுக்க ஊராரால் இயலவில்லை. ஆங்கில அரசால் இயன்றது. இந்திய மன்னர்கள் அடிக்கடி அயல்நாடு செல்வதும், அங்கு நாட்டின் பொருளைச் செலவிடுவதும் கர்சான் பிரபுவுக்குப் பிடிக்கவில்லை. 1900ஆம் ஆண்டில் அவர் சுற்றறிக்கை ஒன்று விடுத்தார். அரசின் இசைவு பெற்றே மன்னர்கள் அயல்நாடு செல்ல வேண்டும் என்பது அதன் பொருள். தன் நாட்டில் முடிசூடியவர், கப்பலில் கால் வைக்கப் பிறரிடம் இசைவு கேட்க வேண்டியிருந்தது!

புதுக்கோட்டை மன்னரின் நிலை இன்னும் நுண்ணியது. அவருடைய அரசவைக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே நின்ற அதிகாரி, திருச்சிராப்பள்ளி மாவட்டக் கலெக்டரே ஆவார். பீரங்கி முழங்க வரவேற்கப் பெறும் மன்னர், அண்டை மாவட்டத்துக் கலெக்டரின் குறிப்புக்குச் செவிசாய்க்க வேண்டும். அரண்மனையில் அவர் செய்யும் ஒவ்வொரு செயலும் அறிக்கையாகச் சென்னைக்குச் சென்றது. லண்டனிலும் பாரிசிலும் அவரைப் பின்தொடரும் கண்கள் சிலவே. அங்கு அவர் செல்வம் படைத்த விருந்தினர். நாடகமும் இசையும் குதிரைப் பந்தயமும் அவருக்குத் திறந்திருந்தன. மன்னர் மீண்டும் மீண்டும் கடல் கடந்ததற்கு இன்ப நாட்டம் ஒரு காரணமே. தம் சொந்த நாட்டில் கிடைக்காத தன்னுரிமை அயல்நாட்டில் கிடைத்தது என்பதையும் மறத்தற்கில்லை. ஆயினும் அவ்வின்பத்துக்குரிய பொருள், கண்மாய்ப் பாசனத்தில் விளைந்த நெல்லிலிருந்தே வந்தது. மழை பொய்த்த ஆண்டிலும் வரி செலுத்திய உழவரை நினைப்பார்க்கு மன்னரின் நெடும்பயணங்கள் உவப்பளித்திரா. 1901ஆம் ஆண்டுக் கணக்குப்படி அந்நாட்டின் மக்கள் மூன்று இலட்சத்து எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர்.

இவ்வாறு நாற்பது வயதை நெருங்கும் வரை மன்னர் மணம் செய்துகொள்ளாமலே இருந்தார். 1913ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அவருக்கு உயர்ந்த விருது ஒன்றை அளித்துச் சிறப்பித்தது. அடுத்த ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. 1915ஆம் ஆண்டில் மார்த்தாண்ட பைரவர் ஆஸ்திரேலியா சென்றார்.

ஆஸ்திரேலியா அந்நாளில் வெள்ளையர்க்கே உரிய நாடாகத் தன்னைக் கருதிக்கொண்டது. 1901ஆம் ஆண்டில் இயற்றிய குடியேற்றச் சட்டத்தால் ஆசிய மக்களை அது தடுத்துவந்தது. கூலி வேலைக்குச் செல்லும் தமிழருக்கு அங்குக் கதவு அடைபட்டிருந்தது. மன்னருக்கோ விருந்துகளும் வரவேற்புகளும் காத்திருந்தன. நிறம் ஒன்றே, செல்வமும் பட்டமும் வேறு. அந்நாட்டில் அவர் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த மோலி ஃபிங்க் என்னும் நங்கையைக் கண்டார். அவர் வழக்கறிஞர் ஒருவரின் மகள், இருபது வயதினர், அழகும் சொல்திறமும் வாய்ந்தவர். மன்னருக்கு வயது முப்பத்தொன்பது. இருவரும் ஒருவரையொருவர் விரும்பினர். 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் மெல்போர்னில் பதிவு மணம் செய்துகொண்டனர். யானையும் முரசும் இல்லை, குலகுருவும் இல்லை. கையொப்பங்கள் சிலவற்றோடு அம்மணம் முடிந்தது.

இதற்கு முன்னும் இத்தகைய மணம் நிகழ்ந்தது உண்டு. பஞ்சாபில் உள்ள கபூர்த்தலா நாட்டு மன்னர், 1908ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுப் பெண் ஒருவரை மணந்தார். அப்பெண்ணை அரசியாக ஏற்க ஆங்கில அரசு மறுத்துவிட்டது. எனினும் அம்மன்னருக்கு இந்திய அரசியர் முன்னரே இருந்தனர். பட்டத்துக்கு உரிய மைந்தரும் இருந்தனர். மார்த்தாண்ட பைரவரின் நிலை அத்தகையது அன்று. மோலி ஒருவரே அவருடைய மனைவி. அவருக்குப் பிறக்கும் மகனே அரசுக்கு உரியவன் ஆவான். ஒரு மன்னர் பல பெண்களை மணந்தபோது வாய் திறவாத அரசு, ஒருத்தியை மட்டும் மணந்தவரை எதிர்த்து நின்றது. வெள்ளையர் குலத்துப் பெண் ஒருத்தி இந்தியரின் மனைவியாய், அரசியாய் அமர்ந்தால், ஆளும் இனத்தின் மதிப்புக் குறையும் என்பது அதன் அச்சம்.

மன்னர் தம் துணைவியோடு புதுக்கோட்டைக்குத் திரும்பினார். மக்கள் திரண்டு வரவேற்றனர். அரசருக்கு மனைவி வந்தாள் என்பதே எளிய மக்களுக்கு மகிழ்ச்சி தந்தது. அதிகாரிகளின் உள்ளம் அவ்வாறு இளகவில்லை. அரசிக்குரிய பட்டம் மோலிக்கு மறுக்கப்பெற்றது. ஆங்கில அதிகாரிகளின் மனைவியர் அவரை ஒதுக்கினர். வெள்ளையர் அவரைத் தம்மவராக ஏற்கவில்லை. அரண்மனையைச் சார்ந்தோர் பலரும் அவரைத் தம்மவராக ஏற்கவில்லை. இரண்டு உலகங்களுக்கும் இடையில் இருபது வயதுப் பெண் தனியே நின்றாள். அவர் கருவுற்றிருந்த காலத்தில் கடும் நோய்வாய்ப்பட்டார். உணவில் அரளி நஞ்சு கலக்கப்பெற்றது என்ற ஐயம் எழுந்தது. அதன்பின் அவ்வரண்மனையில் தங்கியிருக்க மன்னர் துணியவில்லை. 1916ஆம் ஆண்டில் இருவரும் மீண்டும் ஆஸ்திரேலியா சென்றனர்.

முன்னைய பயணங்கள் யாவும் விரும்பி மேற்கொண்டவை. எப்போது வேண்டுமாயினும் திரும்பலாம் என்னும் உறுதியோடு புறப்பட்டவை. இப்பயணம் அத்தகையது அன்று. திரும்பினால், மனைவியைச் சிறப்பற்றவளாக வைத்துத் திரும்ப வேண்டும்; இல்லையேல் மனைவியைப் பிரிந்து திரும்ப வேண்டும். இரண்டிற்கும் மன்னர் இசையவில்லை.

1916ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள், சிட்னி நகரில் அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. குழந்தைக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டனர். தந்தையின் பெயரும், பிறந்த ஊரின் பெயரும், முன்னோரின் குடிப்பெயரும் ஒன்றாய் நின்ற பெயர் அது. வேறு தொண்டைமான் எவருக்கும் அத்தகைய பெயர் வாய்த்ததில்லை. சமஸ்தானம் எங்கும் கொண்டாட வேண்டிய அரசப் பிறப்பு அது. ஆனால் அம்மகனைப் பட்டத்துக்கு உரியவனாக ஏற்க ஆங்கில அரசு மறுத்துவிட்டது.

போர்க்காலம் ஆகையால் குடும்பம் சிட்னியிலேயே தங்கியது. மன்னர் பந்தயக் குதிரைகளை வளர்த்தார். நகரத்துச் செல்வரோடு பழகினார். வெளியிலிருந்து காண்பார்க்கு அது குறையொன்றும் இல்லாத வாழ்வாகவே தோன்றியிருக்கும். ஆயினும் ஆண்டுதோறும் புரட்டாசி வந்தது. திருக்கோகர்ணத்தில் நவராத்திரி நடந்தது. அம்மன் காசு வழங்கப்பெற்றது. பிரகதாம்பாளின் அடியார் என்னும் பொருளில் பிரகதாம்பாதாசர் எனப் பட்டம் தாங்கும் மன்னர், குடும்பத்தோடு அவ்விழாவில் நிற்க இயலவில்லை.

போர் முடிந்த பின்னர் அவர்கள் ஐரோப்பா சென்றனர். லண்டனிலும் வாழ்ந்தனர். பின்னர்ப் பிரான்சு நாட்டின் தென்கடற்கரையில் உள்ள கான் நகரில் மாளிகை ஒன்றில் குடியேறினர். அயல்நாட்டுச் செல்வர் பலர் குளிர்காலத்தைக் கழிக்க வரும் நகரம் அது. இளவெயிலும் நீலக்கடலும் உடையது. விருந்தும் கேளிக்கையும் அங்கு ஓயா.

மன்னர் அயல்நாட்டில் வாழ, நாட்டை நடத்தியவர் அவருடைய உடன்பிறந்தார் ரகுநாத பல்லவராயர். துரைராசா என மக்கள் அழைத்த அவர், 1909ஆம் ஆண்டு முதல் திவானாக இருந்தவர். அரசாங்க அலுவல் முட்டின்றி நடந்தது உண்மையே. எனினும் மன்னர் இல்லாத நாடு என்னும் குறை மக்கள் மனத்தில் இருந்தது. குறையை எடுத்துரைக்க வேண்டிய இடம் கடலுக்கு அப்பால் இருந்தது. ஆங்கில அரசோ தன் நிலையினின்று அசையவில்லை. மன்னரும் தம் நிலையினின்று அசையவில்லை. முடிவில் ஓர் ஏற்பாடு உருவாயிற்று. தம் வாழ்க்கைக்கு வேண்டிய பொருளைப் பெற்றுக்கொண்டு, ஆட்சிப் பொறுப்பை மன்னர் விட்டுக்கொடுத்தார். 1922ஆம் ஆண்டு முதல் ரகுநாத பல்லவராயரே அரசப் பிரதிநிதியாக நாட்டை நடத்தினார். மன்னர் என்னும் பெயர் மட்டும் மார்த்தாண்ட பைரவரிடம் எஞ்சியது.

மன்னர் தம் கடமையைத் துறந்தார் என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் வரிப்பணத்தில் வாழ்ந்தவர், அவர்களிடையே வாழ்ந்திருக்க வேண்டும். ஆனால் கைப்பிடித்த பெண்ணைக் கைவிட்டிருந்தால் அரியணையில் அவர் தடையின்றி அமர்ந்திருக்கலாம் என்பதும் உண்மையே. அவ்வாறு செய்யுமாறு அவரைச் சூழ்ந்த உலகம் முழுவதும் வற்புறுத்தியது. அவர் செய்யவில்லை. மணந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை மோலியே அவருடைய மனைவி.

1928ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் பாரிசு நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய உடல் புதுக்கோட்டைக்கு வரவில்லை. முன்னோர் எரியூட்டப்பெற்ற மண்ணில் அவருக்கு இடம் அமையவில்லை. லண்டனில் உள்ள கோல்டர்ஸ் கிரீன் எரிகூடத்தில் அவரது உடல் எரியூட்டப் பெற்றது.

பன்னிரண்டு வயது நிரம்பாத சிட்னி தொண்டைமானை விலக்கிவிட்டு, அரச குடும்பத்தின் மற்றொரு கிளையைச் சேர்ந்த இராசகோபால தொண்டைமானை இந்திய அரசு தேர்ந்தெடுத்தது. அவர் ஆறு வயதுச் சிறுவர். அவ்வாண்டு நவம்பரில் அவர் பட்டம் ஏற்றார். புதுக்கோட்டை மீண்டும் ஒரு சிறுவர் மன்னரையும் அவருக்காக ஆளும் அதிகாரிகளையும் கண்டது. அச்சிறுவர் வளர்ந்து மன்னராகி, 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் தம் நாட்டை இந்தியாவோடு இணைத்தார். அதன்பின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாக விளங்கிய புதுக்கோட்டை, 1974ஆம் ஆண்டில் தனி மாவட்டம் ஆயிற்று. தொண்டைமான்களின் புதிய அரண்மனை மாவட்ட ஆட்சியர் அலுவலகமாக மாறியது.

மார்த்தாண்ட பைரவர் மறைந்த எட்டாம் ஆண்டில், உலகம் வியந்த செய்தி ஒன்று லண்டனிலிருந்து வந்தது. புதுக்கோட்டை மன்னரின் மணத்தை ஏற்க மறுத்தபோது ஆங்கிலப் பேரரசின் அரியணையில் இருந்தவர் ஐந்தாம் ஜார்ஜ். அவருடைய மூத்த மகனான எட்டாம் எட்வர்டு, தாம் விரும்பிய அமெரிக்கப் பெண்ணை மணக்கும்பொருட்டு 1936ஆம் ஆண்டு டிசம்பரில் அரியணையைத் துறந்தார். அவரும் தம் நாட்டை விட்டு நீங்கிப் பிரான்சு நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தார்.

மோலி தம் கணவருக்குப் பின் முப்பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1967ஆம் ஆண்டில் கான் நகரில் அவர் இறந்தபோது, புதுக்கோட்டைச் சமஸ்தானமும் இல்லை. அவருக்குப் பட்டம் மறுத்த பேரரசும் இந்தியாவில் இல்லை. அவருடைய சாம்பல், கோல்டர்ஸ் கிரீனில் கணவரின் சாம்பல் இருந்த இடத்திற்கே கொண்டுசெல்லப் பெற்றது.